மாத்திரை வீடு தேடி வருது... வீட்டுக்குள்ள அதை யார் பார்க்குறது? மருந்து டப்பாவுக்குள் ஒளிந்திருக்கும் ஆபத்து

2025 அக்டோபரில் நாட்டையே உலுக்கிய செய்தி அது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள், சிறுநீரகம் செயலிழந்து அடுத்தடுத்து இறந்தார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ‘கோல்ட்ரிஃப்’ சிரப்பின் ஒரு பேட்ச்சை தமிழ்நாடு மருந்து கட்டுப்பாட்டுத் துறை சோதித்தது. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம்தான். அந்த நிறுவனத்தின் உரிமம் ரத்தானது, உரிமையாளர் கைதானார்.

அந்தக் குழந்தைகளின் பெற்றோர் மேல் எந்தத் தவறும் கிடையாது. பாட்டிலுக்குள் விஷம் இருப்பதை எந்த அம்மாவாலும் கண்டுபிடிக்க முடியாது. அது தொழிற்சாலையும் அரசும் பார்க்க வேண்டிய வேலை.

ஆனால் அந்தப் பரபரப்பில் இன்னொரு கேள்வி பேசப்படவே இல்லை. தரமான மருந்து, சரியான டாக்டர் சீட்டு, நல்ல மெடிக்கல் ஷாப் என எல்லாம் சரியாக இருந்தும், வீட்டுக்குள் வந்த பிறகு அதே மருந்து ஆளைச் சாய்க்கிறதே, அதை யார் கவனிப்பது?

ஒரு வீடு, மூணு பை மாத்திரை

ஒரு வீட்டைக் கற்பனை செய்து பாருங்கள். அப்பாவுக்கு 70 வயது. பிபி, சுகர் இரண்டும் உண்டு. பிள்ளைகள் வெளியூரில். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கிறார்கள். அதில் பிபிக்கு அம்லோடிபின் இருக்கிறது.

நடுவில் நெஞ்சு படபடப்பு என்று டவுனில் ஒரு தனியார் டாக்டரிடம் போகிறார். அவர் வேறு ஒரு பிராண்ட் மாத்திரை எழுதுகிறார். அது இரண்டு மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரை, அதற்குள்ளும் அம்லோடிபின் இருக்கிறது. போதாததுக்கு, மூட்டு வலிக்கு என்று மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரை தனியாக ஒரு கவரில்.

அரசு கொடுத்த அட்டையும் கடையில் வாங்கிய அட்டையும் நிறம் வேறு, பெயர் வேறு. உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று அப்பாவுக்கு எப்படித் தெரியும்? இரண்டையும் போடுகிறார். நான்கு நாள் கழித்து காலையில் எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழுகிறார். இடுப்பு எலும்பு முறிவு. ‘வயசாயிடுச்சு, வழுக்கி விழுந்துட்டார்’ என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். மாத்திரை மேல் யாருக்கும் சந்தேகமே வராது.

இது ஒரு எடுத்துக்காட்டுதான். ஆனால் இதில் வரும் ஒவ்வொரு படியும் நடக்கக்கூடியது. இந்தக் கதையில் எந்த டாக்டரும் தப்பு செய்யவில்லை என்பதையும் கவனியுங்கள். ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த வரை சரியாகத்தான் எழுதினார்கள். மூன்று பையையும் ஒன்றாக வைத்துப் பார்த்தவர் யாரும் இல்லை. பிரச்னை அங்கேதான்.

இது ஏன் இப்போ முக்கியம்?

தமிழ்நாட்டில் மருந்து கிடைப்பது முன்பைவிட எளிதாகியிருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் பிபி, சுகர் பார்த்து மாத்திரை தருகிறார்கள். இந்தத் திட்டத்துக்கு 2024ல் ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது. 2025 பிப்ரவரி 24 அன்று, குறைந்த விலையில் மருந்து விற்கும் 1,000 ‘முதல்வர் மருந்தகங்கள்’ திறக்கப்பட்டன. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களும் இருக்கின்றன.

இதெல்லாம் தேவைப்பட்டதுதான். 2020ல் தமிழ்நாட்டில் நடந்த ஆய்வில், பிபி உள்ளவர்களில் நூற்றுக்கு சுமார் 7 பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. சுகர் உள்ளவர்களில் சுமார் 11 பேர். மருந்து தொடர்ந்து கிடைக்காதது, கிடைத்தாலும் ஒழுங்காகப் போடாதது இரண்டும் இதற்குக் காரணம்.

இன்னொரு பக்கம், தமிழ்நாடு வேகமாக முதுமை அடைகிறது. 2021க்கான மக்கள்தொகைக் கணிப்பில், 60 வயதைத் தாண்டியவர்களின் பங்கில் கேரளாவுக்கு அடுத்த இடத்தில் இருந்தது தமிழ்நாடு. வயதானவர்கள் அதிகமானால் ஒரே ஆள் ஐந்து, ஆறு மாத்திரை போடும் வீடுகளும் அதிகமாகும். வாசல் வரை மருந்தைக் கொண்டுவந்து சேர்க்கத் திட்டம் இருக்கிறது. வாசலைத் தாண்டி வாய்க்குப் போகும் வரை நடப்பதைப் பார்க்க ஆள் இல்லை.

உலக அளவிலும் இதே கவலைதான். 2017ல் உலக சுகாதார அமைப்பு, மருந்தால் வரும் தடுக்கக்கூடிய கடும் பாதிப்புகளை ஐந்தே ஆண்டில் பாதியாகக் குறைக்க ஒரு உலகளாவிய முயற்சியை அறிவித்தது. மருந்துத் தவறுகளால் ஆண்டுக்கு 4,200 கோடி டாலர் செலவாகிறது என்பது அப்போது அது சொன்ன மதிப்பீடு. அதிக ஆபத்து என்று அது குறித்த இடங்களில் இரண்டு, நம் வீடுகளை அப்படியே படம்பிடிப்பவை. ஒன்று, ஒரே ஆள் பல மருந்து எடுப்பது. இன்னொன்று, ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வரும் நேரம்.

தப்பு எங்கெல்லாம் நடக்குது?

1. நிறத்தை வைத்து அடையாளம் காண்பது

‘காலையில வெள்ளை, ராத்திரி மஞ்சள்’ - பல வீடுகளில் கணக்கு இதுதான். அட்டையில் பெயர் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருப்பதால் வேறு வழியும் இல்லை. ஆனால் கம்பெனி மாறினால் நிறமும் வடிவமும் மாறும். மெடிக்கலில் அட்டையை வெட்டி நான்கு மாத்திரை கொடுத்தால், சில நேரம் பெயரும் காலாவதி தேதியும் இல்லாத துண்டுதான் கைக்கு வரும்.

இதற்கு ஒரு வழி உண்டு. பிராண்ட் பெயர் எதுவாக இருந்தாலும், உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் அட்டையில் இருந்தே ஆக வேண்டும். அந்தப் பெயரைத்தான் ஒப்பிட வேண்டும். இரண்டு அட்டையில் ஒரே மருந்துப் பெயர் இருந்தால், டாக்டரைக் கேட்காமல் இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது.

2. பாராசிட்டமால் கணக்கு

காய்ச்சலுக்கு 650 மி.கி மாத்திரை, நாளைக்கு மூன்று. மொத்தம் 1,950 மி.கி. மூக்கு ஒழுகுது என்று 500 மி.கி பாராசிட்டமால் கலந்த சளி மாத்திரை மூன்று. அது 1,500. உடம்பு வலிக்கு 325 மி.கி பாராசிட்டமால் கலந்த வலி மாத்திரை இரண்டு. அது 650. கூட்டினால் 4,100 மி.கி.

ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாளின் உச்ச வரம்பு 4,000 மி.கி. கல்லீரல் பிரச்னை, குடிப்பழக்கம், எடைக்குறைவு இருந்தால் வரம்பு இன்னும் கீழே. ‘மூணும் வேற வேற மாத்திரைதானே’ என்று நினைத்த ஒருவர் எல்லை தாண்டியது அவருக்கே தெரியாது.

3. இன்சுலின் சிரிஞ்சு

இங்கே ஒரு சின்ன மாறாட்டம் உயிரையே எடுக்கலாம். நம் ஊரில் இன்சுலின் இரண்டு அடர்த்தியில் கிடைக்கிறது. பெரும்பாலான குப்பிகளில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. பேனாவுக்கான கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். 100 யூனிட் இன்சுலினுக்கான சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு.

சிவப்பு மூடி சிரிஞ்சில் 100 யூனிட் மருந்தை எடுத்து ‘20’ என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 20 யூனிட் இல்லை, 50 யூனிட். சுகர் தடாலென்று இறங்கி மயக்கம் வரும். இதுவே தலைகீழாக, 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் ‘20’ வரை எடுத்தால் போவது 8 யூனிட்தான். சுகர் குறையாது. ‘இன்சுலின் வேலை செய்யலை’ என்று டோஸைக் கூட்டச் சொல்லிக் கேட்பார்கள்.

மெடிக்கலில் சிரிஞ்சு வாங்கும்போது குப்பியையும் கையில் எடுத்துப் போனால் இந்தக் குழப்பம் தீரும்.

4. குழந்தைக்கு டிராப்ஸா, சிரப்பா?

பாராசிட்டமால் டிராப்ஸில் பொதுவாக ஒரு மில்லிக்கு 100 மி.கி மருந்து. சாதா சிரப்பில் 5 மில்லிக்கு 125 மி.கி, அதாவது ஒரு மில்லிக்கு 25 மி.கிதான். சிரப்பின் அளவை நினைத்துக்கொண்டு டிராப்ஸை 5 மில்லி ஊற்றினால் குழந்தைக்கு நான்கு மடங்கு மருந்து போகும். சிரப்பிலேயே 5 மில்லிக்கு 250 மி.கி உள்ளதும் உண்டு. அதனால் ‘எத்தனை மில்லி’ என்று கேட்டால் மட்டும் போதாது, ‘எந்த பாட்டில்’ என்பதும் தெரிய வேண்டும். சமையல் ஸ்பூன் வேண்டாம். பாட்டிலோடு வரும் அளவு மூடி அல்லது டிராப்பர்தான் கணக்கு.

இருமல் மருந்து விஷயத்தில் மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் சொன்னதையும் நினைவில் வைக்க வேண்டும். 2 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு இருமல், சளி சிரப் கூடாது. 5 வயதுக்குக் கீழும் பொதுவாகப் பரிந்துரை இல்லை. குழந்தைகளின் பெரும்பாலான சளி, இருமல் தானாகவே சரியாகும். மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ டாக்டரிடம் ஓட வேண்டும். போன முறை மிச்சம் இருந்த பாட்டிலைத் தேடக் கூடாது.

5. வாரம் ஒன்று, தினம் ஒன்று

முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போட வேண்டியது. பழக்கதோஷத்தில் அதைத் தினமும் போட்டால் ரத்த அணுக்கள் குறையும், வாய் புண்ணாகும், உயிருக்கே ஆபத்து. இந்த மாத்திரை இருக்கும் வீட்டில் எந்தக் கிழமை என்பதைத் தமிழில் பெரிதாக எழுதி ஒட்ட வேண்டும். அந்த டப்பாவைத் தினசரி மாத்திரைகளோடு சேர்த்து வைக்கவே கூடாது.

6. வலி மாத்திரை என்ற ‘சாதாரண’ மாத்திரை

டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளை மக்கள் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. டாக்டர் ‘வேற என்ன மாத்திரை போடுறீங்க?’ என்று கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். ஆனால் டெல்மிசார்டான், லோசார்டான் போன்ற பிபி மாத்திரையும், நீர் பிரியும் மாத்திரையும் எடுப்பவர் கூடவே இதையும் போட்டால் சிறுநீரகம் சட்டென்று பாதிக்கப்படலாம். வாந்தி, பேதி வந்து உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது ஆபத்து இன்னும் கூடும்.

நாட்டு மருந்து, சூரணம், லேகியம் எடுத்தாலும் டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது. திட்டுவாரோ என்று மறைத்தால் நஷ்டம் நோயாளிக்குத்தான்.

7. சாப்பாடு இல்லை, மாத்திரை மட்டும்

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சுகர் மாத்திரை போட்டுவிட்டு சாப்பிடாமல் இருந்தால் சுகர் ரொம்பக் கீழே போகும். விரத நாளிலும், பசி இல்லாத காய்ச்சல் நாளிலும் இது நடக்கும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் வரும். நினைவு இருந்தால் உடனே மூன்று, நான்கு டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108ஐ அழைக்க வேண்டும்.

டிஸ்சார்ஜ் ஆன முதல் வாரம் உஷார்

ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்த முதல் சில நாட்கள்தான் குழப்பம் உச்சத்தில் இருக்கும். உள்ளே இருந்த வரை நர்ஸ் வேளாவேளைக்கு மாத்திரை கொடுத்தார். வெளியே வந்ததும் கையில் ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி, ஒரு பை நிறைய மாத்திரை. வீட்டில் ஏற்கெனவே பழைய டப்பா ஒன்று இருக்கிறது.

புதுச் சீட்டில் பழைய பிபி மாத்திரை இல்லை. அதை டாக்டர் நிறுத்தச் சொன்னாரா, எழுத மறந்தாரா? இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் வீட்டுக்கு வருவதால்தான் பலர் நிறுத்த வேண்டியதைத் தொடர்கிறார்கள், தொடர வேண்டியதை நிறுத்துகிறார்கள்.

பில் கட்டும் அவசரத்தில் இருந்தாலும் நான்கு கேள்வி கேட்டுவிட வேண்டும். இதில் எது புதுசு? பழசில் எதை நிறுத்தணும்? எதுக்கு டோஸ் மாறியிருக்கு? எது எத்தனை நாளைக்கு? பழைய மாத்திரை டப்பாவையும் ஆஸ்பத்திரிக்கே எடுத்துப் போய்க் காட்டினால் இன்னும் நல்லது.

வீட்டில் என்ன செய்யலாம்?

பெரிய செலவு எதுவும் இல்லை. ஒரு தாள், ஒரு ஆள், ஒரு நேரம். இவ்வளவுதான்.

ஒரு தாள்: வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டியல். உள்ளே இருக்கும் மருந்தின் பெயர், எத்தனை மி.கி, எந்த வேளை, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, எதற்காக, யார் எழுதியது. அரசு மாத்திரை, தனியார் மாத்திரை, கடையில் கேட்டு வாங்கியது, நாட்டு மருந்து எல்லாமே அதில் வரணும். அலர்ஜி இருந்தால் மேலே சிவப்பு மையில். இந்தத் தாளை போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொண்டால் எந்த டாக்டரிடம் போனாலும் உதவும்.

ஒரு ஆள்: மாத்திரைக்கு ஒருத்தர்தான் பொறுப்பு. மகனும் மருமகளும் ஆளுக்கு ஒரு முறை கொடுத்து டபுள் டோஸ் ஆவது இதனால் நிற்கும். பெற்றோர் ஊரில் தனியாக இருந்தால், வெளியூரில் இருக்கும் பிள்ளை வாரம் ஒரு நாள் வீடியோ காலில் மாத்திரை டப்பாவைக் காட்டச் சொல்லலாம். ‘மாத்திரை போட்டியாம்மா?’ என்று கேட்டால் ‘போட்டேன்’ என்றுதான் பதில் வரும். டப்பாவைப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

ஒரு நேரம்: காலை, மதியம், இரவு என்று அறை பிரித்த வாராந்திர டப்பா வாங்கி, ஞாயிற்றுக்கிழமை நிரப்பி வைக்கலாம். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக் கூடாது.

மாத்திரையை உடைப்பதற்கு முன்பும் கேட்க வேண்டும். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தால், நாள் முழுக்கச் சேர வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும். ‘பிபி நார்மல் ஆயிடுச்சு’ என்று மாத்திரையை நிறுத்துவதும் தப்பு. மாத்திரை போடுவதால்தான் அது நார்மலாக இருக்கிறது. வலிப்பு மாத்திரை, ஸ்டீராய்டு, சில இதய மாத்திரைகளைத் திடீரென நிறுத்துவது ரொம்பவே ஆபத்து.

அரசு என்ன செய்ய வேண்டும்?

எல்லாப் பொறுப்பையும் குடும்பத்தின் தலையில் கட்டிவிட முடியாது. ஆங்கிலம் தெரியாத ஒரு பாட்டி பொடி எழுத்தைப் படித்து மருந்துப் பெயரை ஒப்பிட வேண்டும் என்பது நியாயமே இல்லை.

முதல் வேலை, கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வரும் தன்னார்வலர், ‘வேற என்ன மாத்திரை வெச்சிருக்கீங்க, காட்டுங்க’ என்று ஒரு கேள்வி கேட்டு, அதைப் படம் எடுத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் உள்ள மருந்தாளுநருக்கு அனுப்பினால் போதும். இரட்டை மாத்திரை பல வீடுகளில் அன்றே பிடிபடும். ஏற்கெனவே வேலைப்பளு உள்ள தன்னார்வலர்களுக்கு இதைச் சும்மா கூடுதல் சுமையாக்கக் கூடாது, அதற்கு ஊதியமும் பயிற்சியும் தர வேண்டும்.

இரண்டாவது, மெடிக்கல் ஷாப். பதிவு பெற்ற மருந்தாளுநர் கடையில் இருக்க வேண்டும், மருந்தை எப்படி எடுப்பது என்று நோயாளிக்கு விளக்க வேண்டும் என 2015ஆம் ஆண்டின் மருந்தியல் தொழில் விதிமுறைகளே சொல்கின்றன. கவரில் ஒரு கோடு கிழித்து ‘காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு’ என்று சொல்வதோடு பல இடங்களில் அது முடிந்துவிடுகிறது. கவரில் தமிழில் பெயர், வேளை, எதற்காக என்று அச்சிட்டுத் தருவது இன்றைய பில்லிங் கம்ப்யூட்டருக்குப் பெரிய வேலை இல்லை.

மூன்றாவது, டாக்டர் சீட்டு. மருந்தின் பொதுப் பெயரை, படிக்கும்படியாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவ கவுன்சில் 2016லேயே விதியைத் திருத்தியது. அது நடந்தால் ஒரே மருந்து இரண்டு பெயரில் வீட்டுக்குள் வருவது பாதி குறையும்.

நான்காவது, மிச்ச மருந்து. பழைய மாத்திரைதான் அடுத்த முறை ‘இதைப் போட்டுப் பாரு’ என்று அக்கம்பக்கத்துக்குப் போகிறது. கேரளா 2025ல் கோழிக்கோட்டில் ‘என்பிரவுட்’ என்ற பெயரில், பயன்படுத்தாத மருந்துகளை மக்களிடம் இருந்து திரும்ப வாங்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஊர் ஊராக அரசு மருந்தகம் திறந்திருக்கும் தமிழ்நாட்டில், அதே கடை வாசலில் ஒரு சேகரிப்புப் பெட்டி வைப்பது முடியாத காரியம் இல்லை.

சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது?

மருந்து எடுத்த பிறகு ஏதாவது பக்கவிளைவு வந்தால், 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பொதுமக்களே புகார் தெரிவிக்கலாம். இது இந்திய மருந்து கண்காணிப்புத் திட்டத்தின் உதவி எண். மருத்துவ ஆலோசனைக்குத் தமிழ்நாட்டில் 104, அவசரத்துக்கு 108.

கோல்ட்ரிஃப் விவகாரம் ஒரு தொழிற்சாலையைப் பூட்ட வைத்தது. வீட்டுக்குள் நடக்கும் மருந்துத் தவறு எந்தப் பட்டியலிலும் ஏறாமல், ‘வயசாயிடுச்சு’ என்ற ஒரு வார்த்தையோடு முடிந்துபோகிறது. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அந்த மாத்திரை டப்பாவை ஒரு தடவை திறந்து, எல்லா அட்டையையும் மேஜை மேல் பரப்பிப் பாருங்கள். ஒரே பெயர் இரண்டு அட்டையில் இருந்தால், அடுத்த வேளைக்கு முன்பே டாக்டருக்கு ஒரு போன் போடுங்கள்.